பிரிவில் வரும் ஆணைகளையும் சுற்றறிக்கைகளையும் பராமரிப்பது எப்படி? இருப்புக் கோப்பும் அதன் அட்டவணையும்

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்குத் தன்பதிவேடு, அதாவது தம்மிடம் வரும் தபால்களைப் பதியும் பதிவேடு, எழுதக் கற்றுத்தர எவரேனும் ஒருவர் இருப்பார். தொடர்ந்து பின்பற்ற வேண்டிய ஆணைகளையும் சுற்றறிக்கைகளையும் சேர்த்து வைக்கும் இருப்புக் கோப்பைப் பற்றிச் சொல்லித்தர பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் கயிறு கட்டிக் கிடக்கும் அந்தக் கட்டு, "இது தொடர்பாக ஏதோ ஓர் அரசாணை வந்ததே, எடுங்கள்" என்று அலுவலர் கேட்கும் நாளில்தான் வெளியே வருகிறது. மாவட்ட நிலை அலுவலகம் ஒன்றில், பாதிக் கோப்புகள் காகிதத்திலும் மீதி மின் அலுவலகத்திலுமாக (இ-ஆபீஸ்) இருந்த நிலையில், எங்கள் பிரிவுக்கு நான் ஒழுங்குபடுத்திய முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பகிர்மானப் பதிவேடு, தன்பதிவேடு, ந.க.எண் (நடப்புக் கோப்பின் எண்) இடுதல் ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு அவற்றை விரிவாக விளக்காமல் செல்கிறேன்.

முதற்படி: தபால் வரும்போதே பிரித்தல்

அலுவலர் பார்த்துச் சுருக்கொப்பமிட்ட தபால் பிரிவுக்கு வந்ததும், ஒவ்வொரு தாளிடமும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதன் வேலை ஒருமுறையோடு முடிகிறதா, தொடர்ந்து நிற்கிறதா? குறிப்பிட்ட நாளுக்குள் அறிக்கை கேட்கும் கடிதம் முதல் வகையைச் சேர்ந்தது; அது தன்பதிவேட்டில் பதிவாகி நடப்புக் கோப்பாகிவிடும். மாதந்தோறுமோ காலாண்டுதோறுமோ அனுப்ப வேண்டிய அறிக்கை என்றால் அதன் இடம் காலமுறைப் பதிவேடு. இனிமேல் இவ்வாறுதான் செய்ய வேண்டும் என்று நெறிப்படுத்தும் அரசாணையும் சுற்றறிக்கையும் இருப்புக் கோப்புக்கு உரியவை.

சிக்கல் தருபவை இரண்டு வகையும் கலந்த தாள்கள். நடைமுறை ஒன்றை வகுத்துவிட்டு, கடைசிப் பத்தியில் "இப்பொருள் குறித்த அறிக்கையினை இம்மாத இறுதிக்குள் அனுப்பி வைக்குமாறு" என்று முடியும் சுற்றறிக்கைகள் ஏராளம். இவற்றின் மூலத்தை நடப்புக் கோப்பில் வைத்து, நகலொன்றை எடுத்து இருப்புக் கோப்பில் அன்றே சேர்த்துவிட வேண்டும். அறிக்கை போனதும் நடப்புக் கோப்பு மூ.மு. (மூன்றாண்டு முடிவு) என்றோ ஓ.மு. (ஓராண்டு முடிவு) என்றோ முடிக்கப்பட்டுப் பதிவறைக்குச் செல்லும். மூன்றாண்டோ ஓராண்டோ கழிந்ததும் அழிக்கப்படும். அதனுள் இருந்த நிலையான அறிவுரையும் அதனுடனேயே போய்விடும். பத்தாண்டு முடிவாகவோ நிரந்தர முடிவாகவோ வைத்திருந்தாலும், ஓர் அறிவுரையைத் தேடிப் பதிவறைக்குப் போவது நடக்கிற காரியமில்லை.

இரண்டாம் படி: ஆணையை அடையாளம் காணுதல்

"அரசாணை எண் 84" என்று மட்டும் எழுதி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. அரசாணைகளின் எண் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக ஓடுகிறது. ஆண்டு பிறந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. போதாததற்கு (நிலை), (வாலாயம்) என்று தனித்தனி வரிசைகளும் உண்டு. ஆகவே வரிசை, எண், துறை, நாள் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஓர் அரசாணையின் பெயர் முழுமையாகிறது. "அரசாணை (நிலை) எண் 84, மனிதவள மேலாண்மைத் துறை, நாள் 23.08.2021" என்று எழுதினால் வேறொன்றோடு குழம்ப வழியில்லை.

துறையின் பெயரும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை என்று நெடுங்காலம் வழங்கியதுதான் 2021இல் மனிதவள மேலாண்மைத் துறை ஆயிற்று. பணி விதிகள் தொடர்பான ஆணைகளைப் புதிய பெயரில் மட்டும் தேடினால் அதற்கு முந்தையவை எதுவும் கண்ணில் படாது. என் அட்டவணையில் துறைக்கென இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) உள்ளன: ஆணையில் உள்ளபடி ஒன்று, இன்றைய பெயர் மற்றொன்று.

ஆணையின் தகுதியையும் இந்தப் படியிலேயே பார்த்துவிடுங்கள். அரசியலமைப்பின் 166ஆம் பிரிவின்படி மாநில அரசின் நிர்வாக நடவடிக்கைகள் ஆளுநரின் பெயரால் வெளிப்பட வேண்டும். அரசாணையின் இறுதியில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று காண்பது அதனால்தான். அரசுக் கடிதம் பெரும்பாலும் தெளிவுரை தரும். இயக்குநரின் சுற்றறிக்கை அந்த ஆணையைச் செயற்படுத்தும் வழியைச் சொல்லும். தெளிவுரைக் கடிதம் ஒன்று அரசாணைக்கு முரணாகத் தோன்றினால், பின்னர் வந்தது என்பதற்காகவே அதைப் பின்பற்றிவிடாமல், இரண்டையும் குறிப்பில் எடுத்துக்காட்டி அலுவலரின் ஆணையைப் பெறுவதே முறை.

மூன்றாம் படி: அட்டவணை தயாரித்தல்

விரிதாளே போதும், எக்செல் ஆனாலும் லிபர் ஆபீஸ் ஆனாலும் வேறுபாடில்லை. வேர்டில் கட்டம் போட்டு எழுதுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. வரிசை கூடக்கூட அதை வடிகட்டிப் பார்க்க முடியாது. வரிசை எண், பொருள், ஆணையின் முழு அடையாளம், துறையின் இன்றைய பெயர், பார்வையில் (ஆணையின் தொடக்கத்தில் தரப்படும் மேற்கோள் பட்டியலில்) கண்ட முந்தைய ஆணைகள், சாரம், தற்போதைய நிலை, மாற்றிய ஆணை, கோப்பில் பக்க எண், மின் நகலின் பெயர் ஆகிய பத்திகள் வேண்டும். சாரம் என்பது உங்கள் சொற்களில் இரண்டு வரி. ஆணையின் பொருள் வரியை அப்படியே படியெடுத்தால் "பணியமைப்பு – விடுப்பு விதிகள் – திருத்தம் – ஆணை வெளியிடப்படுகிறது" என்றுதான் வரும். அதிலிருந்து எதுவும் தெரியாது.

எழுத்துரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒருங்குறியையும் (யூனிகோடு) டேஸ் 16ஐயும் தமிழுக்கான தரக் குறியேற்றங்களாகத் தமிழ்நாடு அரசு 2010இலேயே அறிவித்துவிட்டது. ஆயினும் பல அலுவலகக் கணினிகளில் பழைய வரைவுகள் எல்லாம் வானவில் எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் பார்க்கும்போது "விடுப்பு" என்று அழகாகத் தெரியும். தேடல் கட்டத்தில் ஒருங்குறியில் "விடுப்பு" என்று அடித்தால் எதுவும் கிடைக்காது. அந்தக் கோப்பின் உள்ளே இருப்பவை தமிழ் எழுத்துகளுக்கான குறிகள் அல்ல, ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் உட்கார்த்தப்பட்ட வடிவங்கள் என்பதே காரணம். பழைய அட்டவணை அப்படி இருந்தால் எழுத்துரு மாற்றியின் வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, ஒகர ஓகாரக் குறிகளையும் கிரந்த எழுத்துகளையும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். மாற்றத்தில் சிதைபவை பெரும்பாலும் இவையே. புதிதாகத் தட்டச்சு செய்பவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். பழகிய கை மாற மறுத்தாலும், ஒருங்குறியிலேயே பழைய தட்டச்சு விசையமைப்பையும் வைத்துக்கொள்ள முடியும்.

மின் நகலுக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முன்னால் வையுங்கள். 2021-08-23 என்று தொடங்கும் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 23-08-2021 என்று தொடங்குபவை நிற்கா.

நான்காம் படி: ஆணை இன்றும் நடப்பில் உள்ளதா?

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாமே. இருப்புக் கோப்பில் ஆணை இருக்கிறது என்பதும் அது செல்லுபடியாகிறது என்பதும் வேறு வேறு. எளிய எடுத்துக்காட்டாக மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு 90 நாட்களாக இருந்தது 2011இல் ஆறு மாதமாயிற்று. அரசாணை (நிலை) எண் 105, நாள் 07.11.2016 அதை ஒன்பது மாதமாக்கியது. மேலே சொன்ன 2021ஆம் ஆண்டின் எண் 84 பன்னிரண்டு மாதமாக்கியது. மூன்று ஆணைகளும் ஒரே கட்டில் அடுத்தடுத்து இருக்கும்போது, எதை முதலில் கண்ணில் கண்டாரோ அதை வைத்துக் குறிப்பு எழுதிவிடுபவர்கள் உண்டு.

பழைய ஆணையைக் கிழித்தெறிந்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றலாம், கூடாது. காலவரம்பு மாறிய அதே ஆணையில், உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற பழைய வரையறை தொடர்ந்தது. முந்தைய ஆணையின் ஒரு பகுதி மாறி, மறு பகுதி உயிரோடு இருக்கிறது என்று பொருள். தவிரவும், பழைய காலத்துக்குரிய பணப் பலனைக் கணக்கிடும்போது அந்நாளில் நடப்பில் இருந்த ஆணையே தேவைப்படும். எனவே "தற்போதைய நிலை" என்ற பத்தியில் நான்கு சொற்களுள் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்: நடப்பில் உள்ளது, பகுதி திருத்தம், முழுதும் மாற்றப்பட்டது, காலம் முடிந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில் மாற்றிய ஆணையின் அடையாளத்தை எழுதி, காகிதக் கோப்பிலும் பழைய ஆணையின் முதற்பக்க மேல் ஓரத்தில் சிவப்பு மையால் அதையே குறித்து, நாளிட்டுச் சுருக்கொப்பம் இடுங்கள்.

எந்த ஆணை எதை மாற்றியது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி "பார்வை" வரிகள். புதிய ஆணை வந்ததும் அதன் பார்வையில் கண்ட ஒவ்வோர் ஆணையையும் அட்டவணையில் தேடுங்கள். இருந்தால் அதன் நிலையை உடனே திருத்துங்கள். இல்லையென்றால் அதைப் பெற்றுச் சேர்த்துவிடுங்கள். பார்வையில் உள்ளதாலேயே ஒன்று மாற்றப்பட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். ஆணைப் பத்தியைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். பார்வையில் குறிப்பிடாமலே ஒரு விதியை மாற்றும் ஆணைகளும் வருவதால், பொருள் பத்தியிலும் ஒரு முறை வடிகட்டிப் பாருங்கள். தபாலைப் பதிவு செய்யும் நாளிலேயே இதைச் செய்தால் சில நிமிட வேலை. சேர்த்து வைத்துப் பிறகு செய்யலாம் என்றால் அது நடக்காது.

நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் மாற்றிய ஆணையை எழுதும் கட்டத்தில் இடம் வேண்டும். 2025 மே மாதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு குழந்தைகள் என்ற வரையறையைக் காட்டி மறுக்கப்பட்ட மகப்பேறு விடுப்பை வழங்குமாறு உத்தரவிட்டது. இத்தகைய தீர்ப்பு வந்தால் ஆணை தானாக ரத்தாகிவிட்டது என்று எழுதாமல், "தீர்ப்பு உள்ளது, அலுவலர் ஆணை பெறுக" என்று குறித்து வைப்பது பிரிவுக்குப் பாதுகாப்பு.

ஐந்தாம் படி: நம் அலுவலகத்திலிருந்து வெளியிடும்போது

சார்நிலை அலுவலகங்களுக்கு நாம் அனுப்பும் சுற்றறிக்கையில் ஒரு பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். "முந்தைய சுற்றறிக்கைகளைத் திருத்தி" என்று பொதுவாக எழுதாமல், எந்த ந.க.எண், எந்த நாளிட்டது, எந்தப் பத்தி என்று எழுதினால் எதிர்முனையில் உள்ள உதவியாளர் உங்களை வாழ்த்துவார். அறிக்கை கேட்டால் நாளைக் குறிப்பிடுங்கள். "விரைவில்" என்பது நாள் அல்ல. விவரம் ஏதும் இல்லாதவர்கள் இன்மை அறிக்கை அனுப்ப வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையேல் பதில் வராத அலுவலகத்தில் விவரமே இல்லையா, அனுப்பவில்லையா என்று நினைவூட்டு மேல் நினைவூட்டு போகும்.

தனிநபருக்கான குறிப்பாணை வேறு. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஆ)இன் கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போன்றவற்றில் சார்வு செய்த (உரியவரிடம் சேர்ப்பித்த) நாளே பின்னர் எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஆகவே பெறுபவரின் ஒப்பம், நாள் ஆகியவற்றுடன் கூடிய சார்வு நகல் கோப்புக்குத் திரும்பியதா என்பதைத் தன்பதிவேட்டில் தனியே குறியுங்கள். அனுப்புகைப் பதிவேட்டில் போனதாக உள்ள பதிவு, சார்வுக்குச் சான்றாகாது.

பிற்சேர்க்கை

முதல் வடிவத்தைப் படித்துப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சேர்க்கிறேன்.

மின் அலுவலகம் வந்தபின் இருப்புக் கோப்பு எதற்கு என்பது ஒரு கேள்வி. மின் அலுவலகத்தில் தேடல் நாம் கொடுத்த பொருள் வரியை நம்பியே நடக்கிறது; "அறிவுரை – தொடர்பாக" என்று பொருள் கொடுத்து உருவாக்கிய கோப்பு மின் வடிவிலும் காணாமற்போகும். எந்த ஆணை எதை மாற்றியது என்பதையும் அது தானாகச் சொல்லாது. ஆகவே அட்டவணை அங்கும் வேண்டும். பக்க எண் பத்தியில் மின் கோப்பு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் ஆணைகளை என்ன செய்வது என்று பலர் கேட்டனர். அவசரப் பணியைத் தொடங்க அது உதவும். இருப்புக் கோப்பில் சேர்க்க உதவாது. எண்ணும் நாளும் ஒப்பமும் இல்லாத வரைவுகள் அங்கே ஆணைகளாகவே உலவுகின்றன. அரசின் இணையதளத்திலிருந்தோ துறையின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்தோ படி கிடைக்கும்வரை அட்டவணையில் "படி பெறப்பட வேண்டும்" என்று ஒரு வரிசை போட்டு வையுங்கள். அலுவலக ஆணைகளைச் சொந்த மின்னஞ்சலிலும் சொந்த மேகச் சேமிப்பிலும் ஏற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு இதற்குள்ள தொடர்பை ஒருவர் சுட்டிக்காட்டினார். 2005ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் பிரிவு 4(1)(அ) பதிவுருக்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்கச் சொல்கிறது. பணிகளைச் செய்யப் பயன்படுத்தும் விதிகளையும் அறிவுரைகளையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. மனு வந்த பின் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர், "நடப்பில் உள்ளது" என்ற சொல்லை வைத்து வடிகட்டி, அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மாறுதலில் செல்பவர் அட்டவணையை என்ன செய்வது என்பது கடைசியாக வந்த கேள்வி. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் தன்பதிவேட்டுக்கு அடுத்த வரிசையிலேயே இருப்புக் கோப்பின் தொகுதிகளையும் அட்டவணையின் கடைசி வரிசை எண்ணையும் எழுதி, பொறுப்பேற்பவரின் ஒப்பத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அட்டவணையின் அச்சுப் படியொன்றைக் கோப்பின் முதற்பக்கமாகத் தைத்து, கண்காணிப்பாளரிடம் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.