பழைய பிக்கப்புக்குப் பின்னால் டிஸ்க் பிரேக்: பைப் ஓட்டும் வேலையை இப்படிச் செய்யுங்கள்

பின் சக்கரத்தின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடப் போகிறவர்கள் காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்), ரோட்டார் (சுழலும் தட்டு), பிராக்கெட் பற்றி மட்டுமே விசாரிக்கிறார்கள். பிரேக் ஆயில் போகும் பைப்பைக் கேட்டால் "பழசையே வளைத்து விட்டுக்கலாம்" என்கிறார்கள். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு அது சரிப்படவே படாது. மீன் பெட்டியில் ஐஸ் கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் நேராகச் சேஸிஸ் மேல்தான் விழுகிறது, அது போதாதென்று பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இரண்டு பக்கமும் கடல் காற்று.

சந்தேகம் இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்து, பின்னால் போகும் பைப்பின் கிளிப் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். வெளியே தெரியும் பைப் பெயின்டோடு நன்றாகத்தான் இருக்கும். கிளிப்புக்குள் இருந்த ஒரு அங்குலம் மட்டும் கொப்புளம் கொப்புளமாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். தண்ணீர் தங்குவது அங்கேதான், அழுத்தி மிதிக்கும்போது வெடிப்பதும் அங்கேதான்.

அதனால் பைப் முழுவதும் புதிது. குப்ரோ நிக்கல் பைப் வாங்குங்கள்; செம்பு 90, நிக்கல் 10 கலந்தது, கப்பல்களில் கடல் தண்ணீர் ஓடும் குழாய்க்குப் போடும் அதே உலோகம். பெரும்பாலான பிக்கப்புக்கு 4.75 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். விலை இரும்புப் பைப்பைவிட அதிகம்தான், ஆனால் இந்தக் காற்றுக்கு அதுதான் நிற்கும். ஏ.சி. வேலைக்கு விற்கும் வெறும் செம்புக் குழாயை மட்டும் தொடாதீர்கள், அதிர்வில் இறுகிப்போய் ஒருநாள் விரிசல் விடும்.

முதலில் வெல்டிங் கம்பி ஒன்றை எடுத்து பைப் போகப்போகும் வழியில் வளைத்துப் பாருங்கள். சேஸிஸின் உள்பக்கமாக, சைலன்சரிலிருந்து தள்ளி, கல் அடிக்காத உயரத்தில் போகட்டும். சேனலின் அடி விளிம்பில் ஓட்டினால் உப்புச் சேறு அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். கிளிப் ரப்பர் வைத்ததாக இருக்கட்டும். சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரு ரப்பர் ஹோஸ், ஆக்ஸில் ஹவுசிங் மேல் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு), அங்கிருந்து இரண்டு பக்கமும் பைப், அதன் முனையிலிருந்து காலிப்பருக்கு ஆளுக்கொரு சின்ன ஹோஸ். காலிப்பர் வழுக்குக் கம்பியில் (ஸ்லைடு பின்) நகரும் வகை என்றால் பைப்பை நேராக அதில் மாட்டவே கூடாது. ஹோஸ் நீளத்தைச் சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பார்த்து முடிவு செய்யுங்கள். ஹோஸைக் காலிப்பரில் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர்.

ஃபிளேர், அதாவது பைப் முனையை விரிப்பது, அந்த விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஹேக்ஸா வேண்டாம், பைப் கட்டரால் வெட்டி, உள்ளே வெளியே பிசிறெடுத்து, நட்டை முதலில் கோத்துவிட்டு, அப்புறம் டபுள் ஃபிளேர் (விரித்த முனையை உள்ளே மடிப்பது) அடியுங்கள். மரைக்கு டெஃப்ளான் டேப் சுற்றுவது, நடுவில் ஆலிவ் (நட்டுக்குள் இறுகும் வளையம்) வைத்து ஒட்டுப்போடுவது எல்லாம் தண்ணீர்க் குழாய்க்குச் சரி, பிரேக்குக்குக் கூடாது. பழைய நட்டை ஒன்று கையோடு கொண்டுபோய் மரையும் முனை வடிவமும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) சிலவற்றில் பின் லைன் துவாரத்துக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கும், அது லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிஸ்க்குக்கு அது இருந்தால் பேட் விடாமல் உரசிக்கொண்டே சூடேறும், எடுத்துவிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தளத்துக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் பழைய ஜீப் மாதிரி வண்டிக்கு மட்டும் 2 பி.எஸ்.ஐ. வால்வு தேவை, இல்லையென்றால் ஆயில் திரும்பி வந்துவிடும். ஆக்ஸிலோடு கம்பியால் இணைத்த லோடு வால்வு இருந்தால் கழற்றி எறியாதீர்கள். போகும்போது ஐஸும் மீனுமாக முழு லோடு, வரும்போது காலிப் பெட்டி, இந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதே அதுதான். அப்படி ஒன்று இல்லாத வண்டிக்குப் பின் லைனில் திருகிச் சரிசெய்யும் வால்வு ஒன்று போடுங்கள். ஹேண்ட் பிரேக்குக்கும் வழி செய்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். வாடகை வண்டி என்றால் எஃப்.சி. விஷயத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

லைனில் சிக்கிய ஏர் எடுக்கும்போது, அதை வெளியே விடும் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும். லோடு வால்வு உள்ள வண்டியைத் தொங்கவிட்டு ஏர் எடுக்காதீர்கள், சக்கரம் தரையில் நிற்கட்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த பாட்டிலை மறுமாதம் எடுத்து ஊற்ற வேண்டாம்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார்க்கட்டும். அப்புறம் ஆளில்லாத ரோட்டில் காலி வண்டியை மெதுவான வேகத்தில் ஓட்டி அழுத்தி மிதியுங்கள். முன் சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு முன்பே பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வால்வில் பின் லைன் அழுத்தத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள், அது சரியாகாமல் லோடு ஏற்றக் கூடாது. லோடோடு ஒரு வாரம் ஓடிய பிறகு இன்னொரு தடவை அடியில் படுத்து ஹோஸ் எங்கும் உரசுகிறதா, நட் எதுவும் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.