வுல்வரின் இல்லாத பெட்டி: கூட்டணி கேம் டிஸ்க் வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

பாளையங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ இரண்டு டி.வி., நாலு கண்ட்ரோலர் போட்டு கேம் சென்டர் நடத்துபவருக்கு ஒவ்வொரு டிஸ்க்கும் முதல் போட்ட சரக்கு. அந்த முதலை அதிகம் விழுங்குவது கூட்டணி கேம்கள். இரண்டு மூன்று கம்பெனிகளின் நாயகர்களை லைசென்ஸ் வாங்கி ஒரே மேடையில் மோத விடுவார்களே, அந்த ரகம். அட்டையைப் பார்த்ததும் கை நீளும். இரண்டாம் வாரம் டிஸ்க்கில் தூசி படியும்.

இதைப் புரிந்துகொள்ள 2017 செப்டம்பரில் ஜப்பான் கேம் கம்பெனி காப்காம் வெளியிட்ட 'மார்வெல் வெர்சஸ் காப்காம்: இன்ஃபினிட்' கேமைப் பிரித்துப் பார்த்தாலே போதும். 20 லட்சம் பிரதி போகும் என்று கம்பெனி எதிர்பார்த்தது. அந்த டிசம்பர் முடிய ஏறத்தாழ பாதிதான் போனது. இத்தனைக்கும் சண்டை மோசம் என்று விவரம் தெரிந்த ஆட்டக்காரர்கள் சொல்லவில்லை. அடிக்கு அடி ஒட்டுகிற விதத்தைப் பாராட்டியவர்கள்தான் அதிகம். நல்ல சண்டை இருந்தும் கூட்டம் வராத கேம் என்பதால், கோளாறு எந்த இடத்தில் என்று இதில் சுலபமாகப் பிடிபடும்.

முதலில் காகிதம்

அட்டையை யாருக்கும் காட்டாதீர்கள். கடைக்கு வழக்கமாக வரும் பையன்களில் பத்துப் பேரிடம் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுங்கள். "மார்வெல் ஆளுங்க சண்டை கேம் வருது, யார் யார் இருக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள். ஐந்து பெயர் போதும். யோசிக்க நேரம் கொடுக்க வேண்டாம். சட்டென்று வருகிற பெயர்தான் வேண்டும். 50 பெயர் சேர்ந்ததும் அட்டையின் பின்புறம், இணையத்தில் கிடைக்கும் முழு கேரக்டர் பட்டியல் இரண்டோடும் ஒப்பிட்டு, எத்தனை பெயர் உள்ளே இருக்கிறது என்று எண்ணுங்கள். 50-க்கு 35 தேறாவிட்டால் முழு விலை கொடுக்காதீர்கள். 35 என்பது எழுதி வைத்த விதி ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே போனால் பையன்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் ஸ்கிரீனிலேயே முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

இன்ஃபினிட் தோற்றது இந்தக் காகிதத்தில்தான். அந்த வரிசையின் வேரே எக்ஸ்-மென், அதாவது வுல்வரின் இருக்கும் மார்வெல் நாயகர் கூட்டம். 1994-ல் காப்காம் எக்ஸ்-மென்னை வைத்து ஒரு சண்டை கேம் செய்தது. 1996-ல் எக்ஸ்-மென்னும் காப்காமின் சொந்த சண்டை கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஆட்களும் மோதினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் மார்வெல் வெர்சஸ் காப்காம். 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் 56 பேர். 2011-ல் மூன்றாம் பாகத்தின் பெரிய பதிப்பாக வந்த 'அல்டிமேட் 3' டிஸ்க்கில் 48 பேர். வுல்வரின், மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், டாக்டர் டூம் எல்லாம் அதில் உண்டு. இன்ஃபினிட் வந்தபோது மொத்தம் 30 பேர். அதிலும் 24 பேர் அல்டிமேட் 3-ல் ஏற்கெனவே ஆடியவர்கள். புதுசாகத் தெரிந்தது ஆறு முகம். எக்ஸ்-மென் ஒருவர்கூட இல்லை. அப்போது எக்ஸ்-மென் சினிமா உரிமை ஃபாக்ஸ் கம்பெனியிடம் இருந்தது. டிஸ்னி ஃபாக்ஸை வாங்கி முடித்தது 2019 மார்ச்சில். மார்வெல் தானே எடுத்த சினிமாவில் வலம் வந்த ராக்கெட் ரக்கூன், கமோரா, தானோஸ் இந்த கேமில் இருந்தார்கள். கண்ட்ரோலர் பிடித்துப் பழகிய கைகள் தேடிய ஆட்கள் இல்லை.

மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவனுக்குச் சொதி ஊற்றாமல் பருப்பு நெய், பாயசம், அப்பளம் எல்லாம் வைத்தால் எப்படி இருக்கும்? மற்றதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எழுந்து போகிறவன் "சொதி இல்ல" என்று ஒன்றைத்தான் ஊரெல்லாம் சொல்வான். கேம் சென்டரிலும் அதேதான்.

"ஏல, வுல்வரின் எங்கல?"

"தேடிப் பாத்துட்டேம்ல, ஆளே இல்ல."

இந்த இரண்டு வரி வந்தபின் கடைக்காரர் இந்த ஆட்டத்தில் தனிச் சக்தி தரும் இன்ஃபினிட்டி கல் ஆறையும் விளக்கினாலும் எடுபடாது. அந்தக் கல் ஏற்பாடு உண்மையில் நல்ல யோசனை. ஆளுக்கு நாலு அடி பட்டன், ஜோடியை மாற்ற ஒன்று, கல்லுக்கு ஒன்று என்று ஆறே பட்டன், பழகுவதும் சுலபம். ஆனால் முந்தைய பாகத்தில் மூன்று பேரை வைத்து ஆடியவர்களுக்கு இதில் இரண்டு பேர்தான். வெளியே நிற்பவரைக் கூப்பிட்டு அடிக்க வைக்கும் உதவி அடியும் போய்விட்டது. ஆள் குறைந்ததோடு ஆட்டத்தில் தெரிந்த பழக்கமும் குறைந்தது.

அடுத்தது முகம்

டிரெய்லரைச் சத்தம் இல்லாமல் ஓட விட்டு, பாதியில் நிறுத்தி, முகங்களை மட்டும் பாருங்கள். எந்த ஆள் என்று பெயர் போடாமலே தெரிய வேண்டும். 2017 ஜூனில் இன்ஃபினிட்டின் கதை டெமோ வந்தபோது ஸ்ட்ரீட் ஃபைட்டர் நாயகி சுன் லீயின் முகத்தைக் கேலி செய்தார்கள். கேம் வருவதற்குள் காப்காம் அதைத் திருத்தியது. திருத்தியதைப் பார்க்க வந்தவர்களைவிடக் கேலிப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். முந்தைய பாகம் காமிக்ஸ் பக்கம் போலக் கறுப்புக் கோடும் அடர்ந்த நிழலுமாக இருந்தது. இதில் பளபளப்பான பொம்மை மாதிரி ஆகிவிட்டது.

அதே ஜூனில் 'டிராகன் பால் ஃபைட்டர்ஸீ' அறிவிப்பும் வந்து தொலைத்தது. மூன்றுக்கு மூன்று, கார்ட்டூனைக் கண்ணெதிரே பார்ப்பது போன்ற படம். 2018 ஜனவரியில் அது வெளிவந்தது. அந்த வருடம் சண்டை கேம்களுக்கான பெரிய போட்டியான ஈவோவின் முக்கியப் பட்டியலில் ஃபைட்டர்ஸீ இடம் பிடித்தது; இன்ஃபினிட் இல்லை. ஒரு கேமை மட்டும் தனியாக வைத்து எடை போடாதீர்கள். அதே மூன்று நான்கு மாதத்தில் பக்கத்து மேசையில் என்ன பரிமாறுகிறார்கள் என்றும் பார்த்துவிட வேண்டும்.

டிஸ்க்குக்குள் எவ்வளவு?

இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் என்றால் கடையிலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) என்றால் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க்கில் இணைய இணைப்பை அணைத்துவிட்டு டிஸ்க்கை இன்ஸ்டால் செய்யுங்கள். அப்டேட் எதுவும் இறங்காத நிலையில் செலக்ட் ஸ்கிரீனுக்குப் போய்ப் பெட்டிகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் காசுக்கு வந்த சரக்கு. மீதி டிஎல்சி, அதாவது இணையத்தில் தனிக் காசு கொடுத்து இறக்கும் கூடுதல் சரக்கு.

இன்ஃபினிட்டில் டிஎல்சி ஆட்கள் ஆறு பேர். கதையில் முகம் காட்டும் ப்ளாக் பாந்தரையே தனியாக வாங்க வேண்டியிருந்தது. இதைவிட ஆத்திரத்தைக் கிளப்பியது 2012 மார்ச்சில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்'. பிஎஸ்3 வைத்திருக்கும் சின்ன ஊர் சென்டர்களில் இந்த டிஸ்க் இன்னும் கைமாறுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் விற்பதற்கென்று 12 கேரக்டர்களை வாங்கிய டிஸ்க்குக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தது வெளிவந்த கையோடு தெரிந்துபோனது. சாவிக்கு மட்டும் காசு கேட்டால் எவனுக்குத்தான் கோபம் வராது.

அந்த கேமின் நோய் அதோடு முடியவில்லை. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இருவர் கொண்ட அணி. ஆனால் ஒருவர் விழுந்தாலே அந்த ரவுண்டு போச்சு. அடிபட்டவரை வெளியே இழுத்து உட்கார வைத்தால் இழந்த உயிரில் ஒரு பகுதி திரும்ப ஏறும். தெரிந்த ஆட்டக்காரர் என்ன செய்வார்? கொஞ்சம் அடிபட்டதும் ஆளை மாற்றுவார், பின்வாங்குவார், தடுப்பார். எதிராளியும் அதையே செய்வார். கடிகாரம் ஓடி முடிந்து, யாரும் விழாமலே ரவுண்டு தீரும். பார்த்துக்கொண்டு நிற்கும் நாலு பேருக்குக் கொட்டாவி வரும். 2013 ஜனவரியில் வந்த அப்டேட்டில் இந்த உயிர் ஏறும் கணக்கைத் திருத்தினார்கள். ஆகவே இந்த டிஸ்க் கிடைத்தால், மேலே சொன்னதுபோல் இணையம் இல்லாமல் எண்ணிப் பார்த்த பிறகு, ஆட விடுமுன் அப்டேட்டை இறக்கிவிடுங்கள்.

கல்ஃபிலிருந்து வந்த டிஸ்க்

மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் இது அடிக்கடி நடக்கும். ஊருக்கு வந்த மாமா டிஸ்க் கொண்டுவருவார். பிஎஸ்4-ல் கேம் நன்றாகவே ஓடும், ஏனென்றால் டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஆனால் டிஎல்சிக்கு உண்டு. இந்தியக் கணக்கில் காசு கட்டி இறக்கிய கேரக்டர் வேறு பகுதி டிஸ்க்கோடு சேராமல் போகலாம். பெட்டியின் முதுகில் சியுஎஸ்ஏ என்று தொடங்கும் ஐந்திலக்க எண் இருக்கும். இந்தியக் கடையில் விற்கும் அதே கேமின் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். எண் வேறானால் அந்தப் பகுதியின் கணக்கு ஒன்று தொடங்கி, அந்த ஸ்டோரில்தான் டிஎல்சி வாங்க வேண்டும். வாங்கிய பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

லைசென்ஸுக்கும் சர்வருக்கும் ஆயுள் உண்டு

கூட்டணி கேம் எல்லாமே வாடகை வீடு. ஜப்பானியக் காமிக்ஸ் நாயகர்கள் மோதும் 'ஜம்ப் ஃபோர்ஸ்' 2019 பிப்ரவரியில் வந்தது. 2022 பிப்ரவரி 7-ல் டிஜிட்டல் விற்பனையை நிறுத்தினார்கள், ஆகஸ்டில் ஆன்லைனும் போனது. அல்டிமேட் 3-ஐயே 2013 டிசம்பரில் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து பிஎஸ்4-க்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த ரகத்தில் டிஸ்க் கிடைத்தால் டிஸ்க்கே வாங்குங்கள். டிஎல்சி வேண்டுமென்றால் தள்ளிப் போடாதீர்கள்.

இலவசம் என்றால் நஷ்டம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு 'மல்டிவெர்சஸ்'. பேட்மேன், ஷாகி, பக்ஸ் பன்னி, ஆர்யா ஸ்டார்க் என்று காகிதச் சோதனையில் அமோகமாகத் தேறும் கேம் அது. 2022 ஜூலையில் ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் ஸ்டோரில் மட்டும் ஒரே நேரத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். 2023 ஜூனில் கடையைச் சாத்திவிட்டு 2024 மே 28-ல் திறந்தார்கள். பதினோரு மாதம் பூட்டிய கடைக்கு யார் வருவார்கள்? 2025 மே 30-ல் ஆன்லைன் மொத்தமாக முடிந்தது. பிப்ரவரி 4-ல் தொடங்கிய கடைசி சீசனில் ஒருமுறையாவது உள்ளே போன கணக்குக்கு மட்டும் ஆஃப்லைன் ஆட்டம் கிடைக்கும். சென்டர் நடத்துபவருக்கு இதில் இன்னொரு இடைஞ்சலும் இருந்தது: திறந்த கேரக்டர் கணக்கோடு ஒட்டியது. பையன் வீட்டில் ஆடித் திறந்த ஆள் உங்கள் டி.வி.யில் பூட்டியே இருப்பான்.

வாங்குவது என்று முடிவானால், ஒரே சோபாவில் இரண்டு கண்ட்ரோலரோடு, இணையம் இல்லாமல் மூன்று ஆட்டம் போட விடுங்கள். மூன்றாவது முடிந்ததும் பையன்கள் தாங்களே நாலாவதுக்குப் பட்டனை அமுக்குகிறார்களா, போனை எடுக்கிறார்களா என்று பாருங்கள். போனை எடுத்தால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே இன்ஃபினிட் டிஸ்க் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அதை அல்டிமேட் 3-க்குப் பக்கத்தில் வைக்காமல், புதிதாகப் பழகுபவர்களுக்குக் கொடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் அது நன்றாகவே ஓடும். எக்ஸ்-மென்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு 2024 செப்டம்பரில் வந்த, காப்காமின் பழைய ஏழு மார்வெல் கேம்களின் தொகுப்பு இருக்கிறது. சென்டரில் நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் இன்னொரு வழி: 2024 கடைசியில் ரசிகர்கள் இன்ஃபினிட்டின் கம்ப்யூட்டர் பதிப்புக்கு ஒரு இலவச மாட் (கேமை மாற்றும் கூடுதல் ஃபைல்) செய்து, படத்தைத் திரும்பக் காமிக்ஸ் பாணிக்கு மாற்றினார்கள். ஸ்டீமில் கேமைத் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டு அதன் மேல் போடுங்கள். அப்போதும் வுல்வரினைக் கேட்பவன் கேட்பான். அவனை அல்டிமேட் 3 ஓடும் டி.வி.க்கு அனுப்பிவிடுங்கள்.