'நில்' வில்லங்கத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்: மதுரைப் பக்கம் மனை வாங்கும் முன்

ஒத்தக்கடைப் பக்கம் என் மாமா ஐந்து சென்ட் பேசி முடித்தார். 30 வருடத்துக்கு வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான கிரையம், அடமானங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தோம், 'நில்', அதாவது ஒன்றுமில்லை என்று வந்தது. அன்றைக்கே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பத்திரம் எழுதப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பட்டா, விற்பவரின் இறந்துபோன அப்பா பெயரிலேயே கிடந்தது. மேலூரில் கட்டிக்கொடுத்த விற்பவரின் அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்வான்ஸ் திரும்பி வர 14 மாதம் ஆயிற்று.

அதனால் பணத்தைத் தொடும் முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. காகிதம் கேளுங்கள். விற்பவரின் பத்திரம், தாய்ப்பத்திரம் (அதற்கு முந்தைய உரிமையாளரின் பத்திரம்), பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்). "வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேண்ணே" என்பார் புரோக்கர். அனுப்பட்டும். ஆனால் ஒரிஜினல் பத்திரத்தை ஒரு தடவையாவது கையில் வாங்கிப் பாருங்கள். வட்டிக்காரரிடம் வெறும் கைமாற்றாக அடகு வைத்திருந்தால் அது எந்தப் பதிவிலும் வராது.

2. வில்லங்கம் போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சறுக்குவது சர்வே எண்ணில்தான். இன்று 112/3ஏ என்று இருக்கும் இடம், உட்பிரிவு ஆகும் முன் வெறும் 112/3 ஆக இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் போட்டால் பழைய கிரையமும் அடமானமும் கண்ணில் படாது; 'நில்' என்றுதான் வரும். இரண்டு எண்ணுக்கும் போடுங்கள். அப்படிப் போட்டாலும் வாரிசுகள் யார், பதியாத அக்ரிமெண்ட் ஏதும் உண்டா, உயில் இருக்கிறதா என்பதையெல்லாம் வில்லங்கம் சொல்லாது.

3. வாரிசுகளை எண்ணுங்கள். சொத்து இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டதில் 1956-லிருந்தே மகளுக்கும் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் 2005 திருத்தத்துக்குப் பிறகு, கல்யாணம் ஆனவளா என்ற பேச்சுக்கே இடமில்லை. "அக்காவுக்கு நகை போட்டாச்சு" என்பது பதில் ஆகாது. அக்கா கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும்.

4. அப்ரூவல். தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து திருமங்கலம் ரோடு முழுக்க மனை விளம்பரம்தான். அதில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று இருந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள். நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரம் வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவும் வேண்டும். இவை இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

5. நேரில் போங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில். நம் ஊரில் கண்மாய் எங்கே முடிகிறது, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தண்ணீரே காட்டிவிடும். அப்புறம் வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேட்டில் (கிராமத்தின் நிலக் கணக்கு) அந்த எண் புறம்போக்கா, கோயில் நிலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. பணக் கணக்கு. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 20 லட்சம் என்றால் 1,80,000 ரூபாயைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்கிறார்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1% வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் விற்பவருக்கு அபராதம் வரும், உங்களிடமும் ஆதாரம் இருக்காது. அக்ரிமெண்டைப் பதிவு செய்துவிடுங்கள். அது வில்லங்கத்தில் ஏறிவிடும், அதே இடத்தை இன்னொருவரிடம் காட்டி விற்பது சிரமம்.

7. பத்திரம் முடிந்ததும் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்யுங்கள். உட்பிரிவு இருந்தால் சர்வேயர் அளக்க வருவார். அன்றைக்கு லீவு போட்டாவது நீங்களே நில்லுங்கள், பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண் முன்னால் ஊன்றிய கல்லை அப்புறம் அவரே நகர்த்த மாட்டார்.