எம்ஜிபி கார் வைப்பர் மோட்டாரை திரும்ப மாட்டுறது எப்படி

பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) காரை ரெஸ்டோர் பண்றவங்க இன்ஜினுக்கும் பெயின்டுக்கும் கொடுக்கிற கவனத்தை வைப்பர் மோட்டாருக்குக் கொடுக்கிறதில்ல, கடைசில மழை வந்தாதான் ஞாபகம் வரும். 1960கள் கடைசில இருந்து இந்தக் காருக்கு வந்தது லூகாஸ் 14டபிள்யூ மோட்டார், ரெண்டு ஸ்பீடு, பர்மனன்ட் மேக்னட். கழட்டுறது ரொம்ப ஈஸி, திருப்பி மாட்டுறதுலதான் விஷயமே இருக்கு, அதனால அதை மட்டும் சொல்றேன். எல்லாம் கழட்டி கழுவி காய வச்சாச்சுன்னு வச்சுக்குவோம்.

முதல்ல பிரஷ், அதாவது சுத்துற பாகத்துக்கு கரன்ட் கொடுக்கிற கரித்துண்டு. மொத்தம் மூணு இருக்கும். மெயின் பிரஷ் ரெண்டும் 4.8 மி.மீ.க்கு கீழ தேஞ்சிருந்தா செட்டோட மாத்திடுங்க. மூணாவது ஹை ஸ்பீடுக்கு, அதோட நுனி மட்டும் ஒல்லியா படி வச்ச மாதிரி இருக்கும், அந்த ஒல்லிப் பகுதி முழுக்க தேஞ்சு அகலமான பகுதி வரைக்கும் வந்துடுச்சுன்னா அதுவும் முடிஞ்சுது. கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் உரசுற செம்பு உருளையை, மெல்லிசான உப்புத்தாள் வச்சு லேசா சுத்தம் பண்ணுங்க, எமரி வேணவே வேணாம், அந்தத் தூள் செம்புக்கு நடுவுல இருக்கிற காடியில போய் உக்காந்துக்கும். காடியில இருக்கிற கரித்தூளை ஒரு பல்குச்சியால எடுத்துடுங்க.

அடுத்தது யோக், அதாவது உள்ள காந்தம் ஒட்டியிருக்கிற அந்த இரும்புக் கூடு. இதை எக்காரணம் கொண்டும் வொர்க் பெஞ்ச் மேல சும்மா வைக்காதீங்க, பக்கத்துல இருக்கிற இரும்புத்தூள் மொத்தமும் உள்ள போய் ஒட்டிக்கும். அப்புறம் துணி போட்டு துடைச்சா போகவே போகாது, மாஸ்கிங் டேப்பை விரல்ல சுத்தி ஒத்தி ஒத்தித்தான் எடுக்கணும். பொறுமையா டார்ச் அடிச்சு பாத்து எடுங்க, ஒரு துணுக்கு உள்ள மாட்டுனாக்கூட ஆர்மேச்சர் (உள்ள சுத்துற பாகம்) உரசும். யோக் அடியில இருக்கிற புஷ்ஷுக்கு (ஆர்மேச்சர் தண்டு உக்காந்து சுத்துற வளையம்) ஆயில் விடுங்க, கூட ஃபெல்ட் வாஷர் இருக்கும், அதையும் நல்லா ஆயில்ல ஊற வைங்க. புஷ்ஷுக்குள்ள சின்ன வட்டமா ஒரு த்ரஸ்ட் டிஸ்க் இருக்கும், அது அதோட எடத்துல உக்காந்திருக்கான்னு பாத்துக்கோங்க.

இப்போ பிரஷ் பிளேட்டை கியர்பாக்ஸ் பக்கம் ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க. பிரஷ் மூணையும் பின்னாடி தள்ளிப் பிடிச்சுக்கிட்டு ஆர்மேச்சரை உள்ள விடணும், தனியா பண்றதா இருந்தா மெல்லிய வயர் கொக்கி ரெண்டு மூணு செஞ்சு வச்சுக்கிட்டா கை மிச்சம். ஆர்மேச்சர் தண்டுல திருகு மாதிரி இருக்கிற வார்ம் பல்லுக்கு இப்பவே கிரீஸ் தடவிடாதீங்க, பிரஷ்ஷைத் தாண்டி போறப்போ அதுல அப்பிடும், கிரீஸ் பட்ட பிரஷ் உருப்படாது. உள்ள போனப்புறம் கியர்பாக்ஸ் வழியா வச்சுக்கலாம்.

அப்புறம் யோக்கை மேல கொண்டு வாங்க. காந்தம் ஆர்மேச்சரை வெடுக்குன்னு இழுக்கும், அதனால ஆர்மேச்சரை ஒரு கையால நல்லா அழுத்திப் பிடிச்சுக்கணும், இல்லன்னா பிரஷ்ஷுல இருந்து வெளிய வந்துடும், மறுபடியும் முதல்ல இருந்து. இங்கதான் முக்கியமான சங்கதி: யோக் மேலயும் கியர்பாக்ஸ் மேலயும் அடையாளம் இருக்கும், ரெண்டும் நேருக்கு நேர் வரணும். யோக்கை அரை சுத்து மாத்திப் போட்டாலும் போல்ட் அழகா ஏறிடும், ஆனா காந்தத்தோட துருவம் மாறி மோட்டார் ரிவர்ஸ்ல சுத்தும். அடையாளம் மங்கலா இருந்தா கழட்டுறதுக்கு முன்னாடியே கோடு கீறி வச்சுடுங்க.

போல்ட் ரெண்டையும் மாத்தி மாத்தி டைட் பண்ணிட்டு எண்ட் ஃப்ளோட், அதாவது ஆர்மேச்சர் முன்னும் பின்னும் நகர்ற ஆட்டம், பாருங்க. 0.05ல இருந்து 0.2 மி.மீ. வரைக்கும் ஆட்டம் இருக்கணும். அட்ஜஸ்டர் ஸ்க்ரூ மேல பாக்கிற மாதிரி மோட்டாரைப் பிடிச்சு, முட்டுற வரைக்கும் மெதுவா உள்ள விட்டு, கால் சுத்து திருப்பி லாக் நட் போடுங்க.

கியர் சக்கரத்துக்கு அடியில குழிவான வாஷர் ஒண்ணு வரும், குழி கியர் பக்கம் பாக்கணும். கியரை ரேக்கோட (வைப்பரை இழுத்துத் தள்ளுற கேபிள்) சேர்க்கிற கனெக்டிங் ராடுக்கு கீழ பெரிய வாஷர், மேல சின்னது, அதுக்கு மேல சர்க்ளிப் (பூட்டு வளையம்). கிரீஸ் தாராளமா வைங்க.

காருல மாட்டுறதுக்கு முன்னாடி ரேக் இல்லாம 12 வோல்ட் பேட்டரில ஃபியூஸ் போட்டு ஓட்டிப் பாருங்க. கியர்ல சாக்பீஸ் புள்ளி வச்சு எண்ணுனா ஸ்லோ ஸ்பீடுல நிமிஷத்துக்கு 46–52 சுத்து, ஃபாஸ்ட்ல 60–70 வரணும், கரன்ட் 1.5 ஆம்பியரும் 2 ஆம்பியரும் சுமாரா இருக்கணும். கரன்ட் ஏறி ஸ்பீடு குறைஞ்சா பயப்படாதீங்க, பெரும்பாலும் எண்ட் ஃப்ளோட் இறுக்கம், இல்லன்னா புஷ் நேரா உக்காரலன்னு அர்த்தம், ஓடிக்கிட்டிருக்கிறப்பவே யோக்கை மர சுத்தியால லேசா தட்டுனா பல நேரம் சரியாகிடும்.

மோட்டார் சூப்பரா ஓடியும் காருல போட்டா திணறுதுன்னா தப்பு மோட்டார்ல இல்ல. வைப்பர் கையையும் பிளேடையும் கழட்டிட்டு, ரேக் கேபிளை ஸ்பிரிங் தராசுல மாட்டி இழுத்துப் பாருங்க, 2.7 கிலோவுக்கு மேல இழுக்க வேண்டி வந்தா டியூப் எங்கயோ நசுங்கியிருக்கு, இல்லன்னா வீல் பாக்ஸ்ல (வைப்பர் கையைத் திருப்புற கியர் பெட்டி) கிரீஸ் காஞ்சு போயிருக்கு, அதை முதல்ல சரி பண்ணுங்க.