புனிதர் வரலாறு எழுதும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்

டிசம்பர் 6 நெருங்கினால் போதும், அன்று திருநாள் காணும் மீரா (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) ஆயர் புனித நிக்கோலாஸ், இயேசு தந்தைக்குச் சமமானவர் அல்ல, படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸின் கன்னத்தில் அறைந்த கதை வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். 325இல் நிக்கேயா பொதுச்சங்கம், பேரரசர் கான்ஸ்டன்டைன் முன்னிலை, ஆயர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க பளார் என்று ஓர் அறை. படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கத்தில் இருந்துவிட்டு அதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு, செசரியா எவுசேபியுஸ், பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ். இருவரும் இப்படி ஒரு சம்பவத்தைச் சொல்லவே இல்லை. நிக்கோலாஸ் இறந்தது 343 வாக்கில். அவருடைய வாழ்க்கையை முழுதாகச் சொல்லும் பழைய நூல் வருவதற்கு அதன்பிறகு நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது, அதிலும் அறை கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் கதை தலைகாட்டும்போதுகூட அடி வாங்குகிறவர் ஆரியுஸ் இல்லை, பெயர் சொல்லப்படாத அவருடைய ஆதரவாளர் ஒருவர்தான். போதாததற்கு, 6ஆம் நூற்றாண்டில் அதே வட்டாரத்தில் வாழ்ந்த சியோன் நிக்கோலாஸ் என்ற இன்னொரு ஆயரின் கதைகளும் இவர் கணக்கில் சேர்ந்துவிட்டன.

அதனால் பங்கு மலருக்கோ மறைக்கல்வி வகுப்புக்கோ புனிதர் வரலாறு எழுத உட்கார்ந்தால் முதலில் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் இறந்தது எப்போது, அவரைப் பற்றி முதலில் எழுதப்பட்டது எப்போது. பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது ஆள் மாறாட்டம். உவரியிலும் புளியம்பட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் நாம் கும்பிடுவது பதுவை அந்தோணியாரை. லிஸ்பனில் பிறந்து 1231இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி, திருநாள் ஜூன் 13. வனத்து அந்தோணியார் வேறு ஆள். அவர் எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்து 356இல் இறந்தவர், திருநாள் ஜனவரி 17. பெர்னாண்டோ என்ற இளைஞர் பிரான்சிஸ்கன் சபையில் சேரும்போது இந்த வனத்து அந்தோணியாரின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் உறவு. சுரூபத்தைப் பார்த்தாலே தெரியும்: கையில் குழந்தை இயேசு என்றால் பதுவையார், காலடியில் பன்றி என்றால் வனத்தார். ஆனாலும் வருஷா வருஷம் ஒருவர் படத்துக்குக் கீழே மற்றவர் கதை அச்சாகிறது. எவுசேபியுஸும் அப்படித்தான். திருச்சபை வரலாறு எழுதியவர் செசரியா எவுசேபியுஸ், 337இல் சாகக் கிடந்த கான்ஸ்டன்டைனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் நிக்கோமேதியா எவுசேபியுஸ். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு எழுதவே கூடாது.

பழைய காலத்துப் பெரிய எழுத்தாளர் என்றாலே பெயருக்கு முன்னால் ‘புனித’ போடுவதும் நடக்கிறது. ஒரிஜனும் தெர்த்துல்லியனும் புனிதர் பட்டியலில் இல்லை. ஒரிஜனின் பெயரில் வழங்கிய சில கருத்துகள் 553இல் கண்டனமே செய்யப்பட்டன. அதனால் அவருடைய மேதைமை ஒன்றும் குறைந்துவிடாது, அது வேறு.

நிக்கேயாவில் ஓட்டெடுப்பு நடத்தி விவிலிய நூல்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது படித்தவர்களும் சொல்கிற தவறு. அந்தச் சங்கம் இயற்றிய 20 விதிகளில் விவிலியப் பட்டியல் இல்லை. நூல்களைப் பலிபீடத்தருகே வைத்து செபித்தார்கள், உண்மையானவை மேலேயும் போலியானவை எல்லாம் கீழேயும் இருந்தன என்ற கதை 9ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அப்படியே பட்டியலிடுவது அத்தனாசியுஸ் 367இல் எழுதிய பாஸ்கா மடல்.

இனி கொஞ்சம் நுணுக்கமான இடம். வனத்து அந்தோணியாரின் வரலாற்றை அத்தனாசியுஸே எழுதினார், அதுவும் அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள். இவ்வளவு கிட்டத்தில் எழுதியது அப்படியே உண்மையாகத்தானே இருக்கும் என்று தோன்றும். அந்த நூலில் அந்தோணியார் பள்ளிக்கூடம் போக மறுத்தவர், கடவுளே கற்றுக்கொடுத்தவர். ஆனால் அவர் பெயரில் ஏழு கடிதங்கள் இருக்கின்றன, அவருடையவைதான் என்று பல ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள், அவற்றைப் படித்தால் ஒரிஜனின் சிந்தனையில் நன்றாக ஊறிய ஆள் தெரிகிறார். அத்தனாசியுஸ் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆரியுஸ் கட்சியோடு மல்லுக்கு நின்று மறுபடி மறுபடி நாடு கடத்தப்பட்ட ஓர் ஆயர், துறவிகளுக்கு ஒரு முன்மாதிரியைக் காட்ட எழுதிய நூல் அது.

தன் கதையைத் தானே எழுதினாலும் இதே எச்சரிக்கை வேண்டும். மிலான் தோட்டத்தில் “எடுத்துப் படி” என்ற குரல் கேட்டு அகுஸ்தீன் மனம் மாறியது 386இல். அதை அவர் எழுதியது பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஹிப்போவின் ஆயராக இருந்தபோது. மனம் மாறிய சில மாதங்களுக்குள் அவர் எழுதிய உரையாடல் நூல்கள் நம்மிடம் இருக்கின்றன. அங்கே தோட்டமும் இல்லை, குரலும் இல்லை. பேராசிரியர் வேலையை விட நெஞ்சுவலியைக் காரணமாகச் சொல்கிறார்! இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மனிதர் இன்னும் நெருக்கமாகத் தெரிவார்.

ஓவியங்களை நம்பி எழுதுவது இன்னொன்று. விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் கர்தினால் உடையில் சிங்கத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் கர்தினால் இல்லை, சிங்கமும் யோர்தான் பக்கத்துத் துறவி ஜெராசிமுஸிடமிருந்து பெயர்க் குழப்பத்தில் வந்து சேர்ந்தது என்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதும் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள்: புனிதர் கதை மொத்தமும் கட்டுக்கதை, விடு. அதுவும் தவறுதான். தோமாவின் பணிகள் என்ற நூல் 3ஆம் நூற்றாண்டில் சிரியாப் பக்கம் எழுதப்பட்டது. அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார் என்ற ஆண்டுக் கணக்கை அதில் தேடாதீர்கள், அது நம் ஊர் மரபு. அந்த நூல் அவரை இந்தியாவில் கொந்தபார் என்ற அரசனிடம் கொண்டுபோய் விடுகிறது. அப்படி ஓர் அரசன் இருந்ததற்கு வேறு தடயமே நெடுங்காலம் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அன்றைய வடமேற்கு இந்தியப் பகுதியில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன, பிறகு இன்றைய பாகிஸ்தானில் உள்ள தக்த்-இ-பாகியில் கல்வெட்டும் கிடைத்தது, காலம் சரியாக முதல் நூற்றாண்டு. தோமா அங்கே போனார் என்பதை இது நிரூபிக்காது. ஆனால் ராஜா நிஜம். அதே நூலில் பேசும் கழுதைக்குட்டியும் வருகிறது, அதற்கு நாணயம் எதுவும் கிடைக்கவில்லை.