சேற்றில் நடந்த மவுஸ்

மச்சான் வீடு மாறும்போது தன் 27 அங்குல 4கே மானிட்டரை எனக்குக் கொடுத்துவிட்டார். என் லேப்டாப் 2013-ல் வாங்கியது. ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் படம் வந்தது. ஆனால் மவுஸ் சேற்றில் நடப்பதுபோல் இழுத்தது. கேபிள்தான் மோசம் என்று இரண்டு முறை மாற்றினேன். வீண் செலவு.

டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கிறது. மவுஸ் இழுத்தது அதனால்தான். லேப்டாப்பில் இருப்பது ஹெச்டிஎம்ஐ 1.4; அதில் முழு 4கே படம் 30-க்கு மேல் போகாது. எவ்வளவு விலையுள்ள கேபிள் போட்டாலும் அவ்வளவுதான். அப்புறம்தான் லேப்டாப் ஓரத்தில் தூசி படிந்திருந்த மினி டிஸ்பிளேபோர்ட் கண்ணில் பட்டது, மானிட்டர் மாட்டும் இன்னொரு வகைத் துளை. அது 1.2 வகை, 4கே-யில் 60 ஹெர்ட்ஸ் தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு அப்படியே கம்ப்யூட்டர் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தேன். கடைக்காரர் ஹெச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சின்ன அடாப்டரை நீட்டினார். வேண்டாம் என்றேன், அந்த மலிவு வகையில் மறுபடியும் அதே 30-தான் வரும். மறுமுனையும் டிஸ்பிளேபோர்ட்டாக உள்ள கேபிளைக் கேட்டு வாங்கினேன். மானிட்டர் மெனுவிலும் டிஸ்பிளேபோர்ட் 1.2 என்று மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் 60 வந்துவிட்டது.

சும்மா கிடந்த ஹெச்டிஎம்ஐ-யில் பழைய 1080பி மானிட்டரையும் மாட்டிவிட்டேன். சரி, மீனைத்தான் மறந்துபோனேன். ஃபிரிட்ஜில் வைக்கச் சாயங்காலமாகிவிட்டது.