சோரியாசிஸ் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்களைப் பிரிப்பது எப்படி?

சோரியாசிஸ் என்ற தோல் நோயில், தோலின் மேல்படலத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து தங்கும். மன்ரோ நுண்கட்டி என்பது அதுதான். ரத்தத்திலேயே அவை எவ்வளவு தூண்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால், பிரிக்கும்போது நாமே தூண்டிவிடக் கூடாது. கஷ்டமெல்லாம் அதில்தான்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த குழாயில் 10 மி.லி. ரத்தம் எடுங்கள். இன்னொரு உறைவுத் தடுப்பான ஈடிடிஏ, கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் செயல்திறன் சோதனைக்கு ஒத்துவராது. ஃப்ரிட்ஜில் வைக்காமல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். கண்ணாடிக் குழாய் வேண்டாம், ஒட்டினாலே இந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும். நோயில்லாத ஒருவரின் ரத்தமும் அன்றே கூடவே ஓட வேண்டும். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், அண்மைக் காய்ச்சல் பற்றிக் கேட்டு எழுதிவையுங்கள். ஸ்டீராய்டு, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்களை ஓட்டத்துக்குள் இறக்கிவிடும். கேட்காமல் விட்டால், கூடிய எண்ணிக்கையைத் தவறாக நோயின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சலைனில் கரைத்த 3% டெக்ஸ்ட்ரானை, அதாவது சிவப்பணுக்களை வேகமாக இறங்கவைக்கும் சர்க்கரைச் சேர்மத்தை, சம அளவு கலந்து, அறை வெப்பத்தில் 30 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். சிவப்பணுக்கள் இறங்கிய பின் மேல்நீரை எடுத்து சென்ட்ரிஃப்யூஜில் 250 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 250 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றுங்கள். படிவைச் சலைனில் கலக்கி, செல்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும், 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் கரைசலின் மேல் குழாயைச் சாய்த்து மெதுவாக விடுங்கள். பிறகு 400 ஜி-யில் 30 நிமிடம், 20 டிகிரியில் சுழற்றுங்கள். சுழற்சியை நிறுத்த பிரேக் போட்டால் அடுக்குகள் கலங்கிவிடும்.

அடியில் நியூட்ரோஃபில்களோடு மிச்சச் சிவப்பணுக்களும் இருக்கும். அவற்றை உடைக்க 0.2% உப்புநீர் 30 விநாடி. உடனே அதே அளவு 1.6% உப்புநீர். நேரம் நீண்டால் நியூட்ரோஃபில்களும் உடைந்து, டிஎன்ஏ கசிந்து, எல்லாம் பசையாகத் திரளும். குழாயை வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவியின் பக்கமே போகாதீர்கள். இறந்த செல்களை மட்டும் நீலமாக்கும் ட்ரைபான் நீலச் சாயத்தில் பார்த்து, 95 சதவீதத்துக்குக் குறைவாக உயிரோடிருந்தால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

ஃபைக்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அடுக்கை லிம்போசைட், மோனோசைட் என்று ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். சோரியாசிஸில் அது பெரிய நஷ்டம். அடர்த்தி குறைந்த நியூட்ரோஃபில்கள் மிதப்பது அங்கேதான். தங்கள் டிஎன்ஏ-வையே வெளியே வலைபோல் எளிதில் வீசுபவையும் அவைதான். செல்லின் மேற்பரப்பு அடையாளப் பொருள்களில் சிடி15 மிகுந்து சிடி14 குறைந்தவற்றை, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணுங்கள். தாமதித்த ரத்தத்தில் சாதாரண நியூட்ரோஃபில்களும் லேசாகி மேலே வந்துவிடும் என்பதால், ஒப்பீட்டு ரத்தத்திலும் அந்த அடுக்கைப் பார்த்தே முடிவெடுங்கள்.

செயல்திறனுக்கு எளியது என்பிடி சோதனை. தூண்டப்பட்ட செல்லுக்குள் என்பிடி என்ற சாயம் கருநீலத் துகளாக மாறும். செல்களோடு 0.1% என்பிடி சம அளவு, 37 டிகிரியில் 15 நிமிடம். ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி, 100 நியூட்ரோஃபில்களில் கருநீலத் துகள் உள்ளவற்றை எண்ணுங்கள். ஒரு குழாயில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் பிஎம்ஏ என்ற தூண்டுபொருள் சேர்த்துத் தூண்டுங்கள். அங்கே ஏறக்குறைய எல்லாமே நீலமாக வேண்டும். தூண்டாத குழாயில், அதுவும் நோயில்லாதவரின் செல்களிலேயே நீலம் மிகுந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கரைசல்களில் கலந்த, எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சை.